60 கோடி டன் பனிக்கட்டி: யார் நிறுத்துப் பார்த்தது?

போன வருஷம் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சந்திரயான் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினதிலிருந்து எங்கள் மாவட்டத்தில் இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் விஞ்ஞானி இல்லை. பி.இ. முடித்து, இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் 'விண்வெளி பத்தி எழுதுறவர்' என்று ஊருக்குள் ஒரு பேர் இருக்கிறது, கூப்பிட்டால் போய்விடுவேன்.

என் படக்காட்சியில் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 'நிலவின் வட துருவத்தில் 60 கோடி டன் பனிக்கட்டி! கண்டுபிடித்தது சந்திரயான்-1!' கைதட்டல் வரும் இடம் அது. வந்தது. கைதட்டல் அடங்கினதும் எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், அத யாரு சார் போயி நிறுத்துப் பாத்தாவ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்து, "ரேடார் வச்சுப் பாத்தாங்கம்மா" என்றேன். "ரேடார் எடை போடுமா சார்?" என்றாள். மணி அடித்துவிட்டது. தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த எண்ணை நான் 2010-லேயே இதே வலைப்பூவில் எழுதியிருக்கிறேன். 'பனிக்கட்டி உறுதி' என்று தலைப்பே போட்டிருக்கிறேன். பதினைந்து வருஷமாக ஒரு எண்ணை, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்.

முதலில் எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். காரணம் இருக்கிறது.

அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, இளவயதில் முத்துச் சலாபம் பார்த்தவர். 1955-ல் தொடங்கி 1961 வரை தூத்துக்குடிக் கடலில் சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. முத்துக்குளிக்கும் பருவத்துக்குத்தான் சலாபம் என்று பேர். அது வருஷா வருஷம் வருகிற திருவிழா கிடையாது. கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பார்கள்; தோலாயிரம் பார் என்ற பேரை இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாரில் சிப்பி இருக்கிறதா, முற்றியிருக்கிறதா, உள்ளே முத்து இருக்கிறதா என்று மேலே படகில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது. அதனால் அரசாங்கம் முதலில் சோதனை போடும். குளியாளிகளை இறக்கிச் சில ஆயிரம் சிப்பி எடுப்பார்கள். அதை அழுகவிட்டு (அந்த நாற்றத்தைப் பற்றித் தாத்தா தனியாக அரை மணி நேரம் சொல்லுவார்), கழுவி, முத்தைப் பொறுக்கி, துளை போட்ட பித்தளைச் சல்லடைகளில் அளவு வாரியாகச் சலிப்பார்கள். அந்தச் சல்லடைக்குப் 'பெட்டி' என்று பேர்; பெரிய துளையிலிருந்து சின்னத் துளை வரைக்கும் மொத்தம் பத்து. கடைசியில் மதிப்பு போடுகிறவர், ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து என்று சொல்வார். அதை வைத்துத்தான் அந்த வருஷம் சலாபம் உண்டா இல்லையா என்று முடிவு.

சலாபம் நடக்கும்போதும் சிப்பியைத் திறந்து காட்டி விற்க மாட்டார்கள். மூடின சிப்பிதான், ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். "சிப்பிக்கா விலை குடுத்தாவ? நெனப்புக்குல்லா குடுத்தாவ" என்பார் தாத்தா.

இந்த நினைப்பு எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு எதிர்க்கரையில் ஒரு கதை உண்டு. 1905-ல் இலங்கைப் பக்கம் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, 1906-ல் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, அந்தப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1907-க்குப் பிறகு பார்கள் வெறிச்சோடிவிட்டன. சில வருஷத்தில் கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. ஏலம் எடுத்த ஒரு செட்டியார் ஏமாந்தார் என்றால் புரிகிறது. கணக்கப்பிள்ளைகளும் உயிரியலாளர்களும் இருந்த கம்பெனியே இப்படி ஏமாந்திருக்கிறது.

சரி, நிலாவுக்கு வருவோம்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்த அதே 1961-ல்தான், கலிஃபோர்னியாவில் வாட்சன், மர்ரே, பிரவுன் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விஷயம் எளிமையானது. நிலாவின் அச்சு ஏறக்குறைய நேராக நிற்கிறது. சாய்வு ஒன்றரை டிகிரிதான். அதனால் துருவத்தில் சூரியன் எப்போதும் அடிவானத்தை ஒட்டியே சுற்றும். அங்கே ஆழமான பள்ளம் ஒன்று இருந்தால் அதன் அடித்தளத்தில் வெயிலே விழாது. இன்றைக்கு நேற்றில்லை, நூறு கோடி வருஷக் கணக்கில் விழாது. வால்நட்சத்திரம் மோதியோ வேறு வழியிலோ நிலாவுக்கு வந்த நீராவி, தத்தித் தத்தி அலைந்து அந்தக் குளிர்ப்பொறிக்குள் விழுந்தால் திரும்ப வெளியே வராது. சுமார் மைனஸ் 163 டிகிரிக்குக் கீழே இருந்துவிட்டால் போதும், வெற்றிடத்திலும் பனிக்கட்டி கோடிக்கணக்கான வருஷம் தாங்கும். அமெரிக்காவின் எல்ஆர்ஓ கலம் 2009-ல் வட துருவத்துப் பக்கம் ஹெர்மைட் என்ற பள்ளத்தில் அளந்தபோது மைனஸ் 247 டிகிரி வந்தது. நம்ம ஊர் மே மாச வெயிலில் உட்கார்ந்து இதை எழுதும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் இது ஊகம். அதற்குப் பிறகு அப்பல்லோ ஆட்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது. நிலாவில் தண்ணீர் என்ற பேச்சே கொஞ்ச காலம் அடங்கிப்போனது. (அவர்கள் இறங்கினது எல்லாம் நடுப்பகுதியில். துருவத்துக்கு யாரும் போகவில்லை. உப்பளத்தில் தோண்டிவிட்டு ஊரில் நல்ல தண்ணீரே இல்லை என்று சொன்ன மாதிரி.)

1991-ல் புதன் கிரகத்தின் துருவத்துக்கு ரேடார் அடித்துப் பார்த்தபோது விசித்திரமான எதிரொலி வந்தது. சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் பனிக்கட்டியா என்று எல்லாரும் திகைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நிலா மேல் மறுபடி கண் திரும்பியது.

இந்த இடத்தில் ரேடார் எப்படிப் பனியைப் 'பார்க்கிறது' என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த 60 கோடி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ரேடார் அலையை ஒரு பக்கமாகச் சுழலும்படி அனுப்பலாம், திருகாணி மாதிரி. சமமான தரையில் பட்டுத் திரும்பும்போது சுழற்சி எதிர்ப்பக்கமாக மாறிவிடும். கண்ணாடியில் வலது கை இடது கையாகத் தெரிவது போல. பனிக்கட்டி அப்படி இல்லை. ரேடார் அலை சுத்தமான பனிக்குள் நன்றாக ஊடுருவும். உள்ளே இருக்கும் விரிசல், கட்டி எல்லாவற்றிலும் பல தடவை மோதி மோதித் திரும்பும்போது, போன சுழற்சியிலேயே நிறைய வரும். அதே சுழற்சியில் வருவதை எதிர்ச் சுழற்சியில் வருவதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். சிபிஆர் என்று சொல்வார்கள். சாதாரண மண்ணில் அது 1-க்கு நன்றாகவே கீழே இருக்கும். பனியில் 1-ஐத் தாண்டும்.

ஆனால் ஒரு வில்லங்கம். கல்லும் பாறையும் கரடுமுரடாகக் கிடந்தாலும் அலை இரண்டு தடவை மோதித் திரும்பும். இரண்டு தடவை மாறினால் பழைய சுழற்சியே வந்துவிடும். அங்கேயும் சிபிஆர் 1-ஐத் தாண்டும். ஆக, ரேடார் சொல்வது 'பனி அல்லது பாறை'. எது என்று அது சொல்லாது.

1994-ல் அமெரிக்காவின் கிளமென்டைன் கலம் தென் துருவத்தின் மேல் ஒரு சோதனை செய்து, பனி மாதிரி இருக்கிறது என்றது. 1996-ல் அது பெரிய செய்தியாக வந்தது. பூமியில் அரெசிபோ தொலைநோக்கியை வைத்திருந்தவர்கள், வெயில் படும் இடத்திலும் இதே எதிரொலி வருகிறதே, அங்கே எப்படிப் பனி இருக்கும் என்று கேட்டார்கள். 2006-ல் இன்னும் நுணுக்கமாகப் படம் எடுத்தும் அதையேதான் சொன்னார்கள்.

நடுவில் 1998-ல் லூனார் பிராஸ்பெக்டர் வேறு வழியில் போனது. விண்வெளிக் கதிர்கள் நிலா மண்ணில் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கும். கேரம் விளையாடினவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஸ்ட்ரைக்கர் பலகைச் சட்டத்தில் மோதினால் அதே வேகத்தில் திரும்பும், தன் எடையுள்ள காயில் மோதினால் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். நியூட்ரானின் எடையுள்ள காய் ஹைட்ரஜன் அணு. ஆகவே வேகமான நியூட்ரான் குறைந்தால் மேல்மண்ணில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று அர்த்தம். துருவங்களில் குறைந்தது. ஹைட்ரஜன் என்றால் தண்ணீராக இருக்கலாம். அந்த வருஷம் மார்ச்சில் 1 கோடியிலிருந்து 30 கோடி டன் வரை என்று கணக்குச் சொன்னார்கள். செப்டம்பரில் 600 கோடி டன் வரை இருக்கலாம் என்றார்கள். ஆறு மாசத்தில் நிலாவில் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. கூடினது நம் அனுமானம். அடுத்த வருஷம் ஜூலை 31-ஆம் தேதி அந்தக் கலத்தையே தென் துருவப் பள்ளம் ஒன்றில் மோதவிட்டு, நீராவி கிளம்புகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் நம்ம சந்திரயான்-1 வருகிறது. 2008 அக்டோபர் 22. திட்ட இயக்குநர் கோதவாடிக்காரர் மயில்சாமி அண்ணாதுரை. மொத்தம் 11 கருவிகள், சில நம்முடையவை, சில வெளிநாட்டவை.

இங்கே என் 2010 பதிவில் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வெவ்வேறு கருவிகள் பார்த்த மூன்று வெவ்வேறு விஷயங்களை நான் ஒரே 'தண்ணீர்' என்று குழம்பு வைத்துவிட்டேன். நவம்பர் 14-ஆம் தேதி கலத்திலிருந்து கழன்று ஷாக்கில்டன் பள்ளத்துப் பக்கம் மோதின சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அப்படி ஒன்றை அனுப்பச் சொன்னவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அதில் இருந்த சேஸ் என்ற கருவி கீழே விழுந்த 25 நிமிஷத்தில், நிலாவைச் சுற்றி இருக்கும் மிக மெல்லிய வாயுவில் நீர் மூலக்கூறு இருப்பதைப் பதிவு செய்தது. அது நிலாவுக்கு மேலே. எம்-3 என்ற நாசா கருவி, வெயிலில் கிடக்கும் மண்ணின் மேல்தோலில், மில்லிமீட்டர் கணக்கில், தண்ணீரும் அதன் உடைந்த பாதியான ஹைட்ராக்சிலும் ஒட்டியிருப்பதைக் கண்டது. 2009 செப்டம்பரில் உலகமே பேசினது இதைத்தான். அது நிலாவின் மேல். மண்ணுக்குக் கீழே பனி என்று பேசினது மூன்றாவது கருவி, மினி-சார் ரேடார். அதுவும் நாசா கொடுத்ததுதான். 'இந்தியா கண்டுபிடித்ததா, அமெரிக்கா கண்டுபிடித்ததா' என்று வாட்ஸப்பில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. எதைக் கண்டுபிடித்ததைப் பற்றிச் சண்டை என்று முதலில் கேட்க வேண்டும்.

மினி-சார் குழுவின் தலைவர் பால் ஸ்புடிஸ். கிளமென்டைன் காலத்திலிருந்தே துருவத்தில் பனி உண்டு என்று விடாப்பிடியாக நின்றவர், 2018-ல் காலமானார். 2010 மார்ச்சில் இந்தக் குழுவின் முடிவு வந்தது. வட துருவத்தில் 2 முதல் 15 கிலோமீட்டர் விட்டமுள்ள 40-க்கும் மேற்பட்ட பள்ளங்களில் உள்ளே மட்டும் சிபிஆர் அதிகம், விளிம்புக்கு வெளியே சாதாரணம். பாறை என்றால் மோதலில் தெறித்து வெளியேயும் கிடக்குமே. உள்ளே மட்டும் என்றால் பனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது வாதம். இப்படி எதிரொலிக்க வேண்டுமானால் பனி ஓரளவு சுத்தமாகவும், குறைந்தது இரண்டு மீட்டர் தடிமனாகவும் இருக்க வேண்டும். ஆகவே குறைந்தது 60 கோடி டன்.

அந்த அறிக்கையை இப்போது உட்கார்ந்து படித்தால், மொத்த அளவு ஒவ்வொரு பள்ளத்திலும் பனி எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான்தான் அந்த வரியைத் தாண்டி எண்ணுக்குப் போயிருக்கிறேன்.

நானே ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 பள்ளம், சராசரி விட்டம் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம்). ஒன்றின் பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர், மொத்தம் 283. இரண்டு மீட்டர் தடிமன் என்றால் 56 கோடி கன மீட்டர் பனி, சுமார் 52 கோடி டன். கிட்டத்தட்ட அதே எண் வந்துவிட்டது! இனி அந்த இரண்டு மீட்டரை 20 சென்டிமீட்டராக மாற்றுங்கள், பாதி மண் கலந்தது என்று வையுங்கள். 2.6 கோடி டன். பள்ளத்தில் கிடப்பது பாறைதான் என்றால் பூஜ்யம். எங்கள் தொழிலில், நிரலுக்குள் ஒரு எண்ணை நேரடியாக எழுதி வைத்துவிட்டு அதை மறந்துபோவதைப் பெரிய பாவம் என்போம். இந்த இரண்டு மீட்டர் அப்படிப்பட்ட எண். எழுதினவர்கள் மறக்கவில்லை, எடுத்துப் பயன்படுத்தின என்னைப் போன்றவர்கள் மறந்துவிட்டோம்.

பனியா பாறையா என்று தீர்க்க ஒரு வழி இருந்தது. ஒரு கலம் ரேடார் அடிக்க, இன்னொரு கலம் வேறு கோணத்தில் நின்று எதிரொலியை வாங்க வேண்டும். கோணம் கொஞ்சம் மாறினாலே பனியின் சிபிஆர் சட்டென்று இறங்கும். பாறையினுடையது அப்படி இறங்காது. 2009-ல் நிலாவைச் சுற்றி சந்திரயான்-1-ம் எல்ஆர்ஓவும் ஒரே நேரத்தில் இருந்தன, இரண்டிலும் ஒரே வகை ரேடார். அந்த ஆகஸ்ட் 20-ஆம் தேதி வட துருவத்தில் எர்லாங்கர் பள்ளத்தின் மேல் இரண்டையும் சேர்த்துச் சோதனை செய்தார்கள். சந்திரயானின் நட்சத்திர உணரிகள் அதற்கு முன்பே பழுதாகியிருந்தன. அந்த நேரத்தில் கலம் சரியாகப் பள்ளத்தைப் பார்த்து நிற்கவில்லை. சோதனை பலிக்கவில்லை. ஒன்பது நாளில், ஆகஸ்ட் 29-ஆம் தேதி, கலத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இந்த ஒன்பது நாளைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. 312 நாள் ஓடினது, தண்ணீர் கண்டது, வெற்றி என்று முடித்துவிடுகிறோம். கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பம் நழுவினது என் மனசை இன்னும் அறுக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்த மாதிரி ஒரு சான்று அந்த வருஷமே வந்தது. அக்டோபர் 9-ஆம் தேதி, எல்கிராஸ் திட்டத்தில், 2,300 கிலோ எடையுள்ள காலி ராக்கெட் பகுதியைத் தென் துருவத்துக் கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டார்கள். பின்னாலேயே போன கலம் தூசிப் புகையைப் பார்த்தது. சுமார் 155 கிலோ தண்ணீர். அந்த இடத்து மண்ணில் எடைக்கு 5.6 சதவீதம், கூடக் குறைய 2.9. ஆக, நிலாவில் மண்ணுக்குக் கீழே பனி உண்டு. அதில் இனிமேல் வாதம் கிடையாது. ஆனால் இது ஒரே குழி. தோலாயிரம் பாரில் ஒரே ஒரு குளியாளியை ஒரே ஒரு தடவை இறக்கின மாதிரி.

அந்த 40 பள்ளங்களின் கதி? 2013-ல் பீகிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெயில் நன்றாக விழும், பனி இருக்கவே முடியாத இடங்களிலும் இதே மாதிரி 'உள்ளே மட்டும் அதிகம்' பள்ளங்கள் இருப்பதைக் காட்டினார்கள். விளிம்புக்கு வெளியே கிடக்கும் கல் காலப்போக்கில் தூளாகிவிடும். உள்ளே சரிவிலிருந்து புதுசாக உருண்டு விழுந்துகொண்டே இருக்கும். அப்படி என்றால் எதிரொலி பாறையுடையதாகவே இருக்கலாம். மறுபக்கம், கோணச் சோதனையை அரெசிபோ அடிக்க எல்ஆர்ஓ வாங்க என்று வேறு விதமாகச் செய்து பார்த்ததில், 2017-ல் அதே கேபியஸ் பள்ளத்தின் அடித்தளம் பனி போலவே நடந்துகொண்டது. 2018-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஷுவாய் லீயும் கூட்டாளிகளும் சந்திரயான்-1-ன் பழைய எம்-3 தரவையே மறுபடி அலசி, நிழல் பள்ளங்களின் மேற்பரப்பிலேயே பனி இருப்பதை நேரடியாகக் காட்டினார்கள். ஆனால் குளிர்ப்பொறிகளில் சுமார் 3.5 சதவீத இடத்தில்தான். புதனில் இருப்பது போலப் பாளம் பாளமாக இல்லை. திட்டுத் திட்டாக, மண்ணோடு கலந்து. கலம் செத்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அதன் தரவிலிருந்து இது வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சந்திரயான்-2 என்றால் நமக்கு விக்ரம் விழுந்த அந்த ராத்திரிதான் ஞாபகம். ஆனால் 2019-ல் அனுப்பின சுற்றுக்கலம் நன்றாகவே வேலை செய்தது. அதில் இருக்கும் ரேடாருக்கு இரண்டு அலைவரிசை. அதில் ஒன்று 24 சென்டிமீட்டர் அலை, மினி-சாரை விட ஆழமாகப் போகும். எதிரொலியின் எல்லாச் சுழற்சி விவரங்களையும் பதிவு செய்வதால், பாறையில் இரண்டு தடவை மோதி வந்ததா, உள்ளே பல தடவை சிதறி வந்ததா என்று பிரித்துப் பார்க்கவும் முடியும். 2024-ல் இஸ்ரோவின் அகமதாபாத் மையமும் கான்பூர் ஐஐடியும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு, முதல் சில மீட்டர் ஆழத்தில் இருக்கும் பனி மேற்பரப்பில் இருப்பதைப்போல் 5 முதல் 8 மடங்கு இருக்கலாம், வடக்கில் தெற்கைப்போல் இரண்டு மடங்கு என்று சொன்னது.

இந்தத் தரவை இஸ்ரோ 'பிரதான்' என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நானும் ஒரு கோப்பை இறக்கி, பைத்தானில் சிபிஆர் வரைபடம் போட்டேன். ஒரு பள்ளம் முழுக்கச் சிவப்பாக எரிந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நெழல்லயா இருக்கு?" என்று கேட்டாள். பார்த்தால், வெயில் விழும் இடம். இளம் பள்ளம், உள்ளேயும் விளிம்பைச் சுற்றியும் பாறை. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

இது எல்லாம் மேலே இருந்து பார்த்தது. மண்ணுக்குள் கை விட்டது சந்திரயான்-3. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இறங்கின விக்ரமில் சேஸ்ட் என்று ஒரு கருவி இருந்தது. பத்து வெப்ப உணரி பொருத்தின ஒரு கம்பி. இதே போல் 2014-ல் வால்நட்சத்திரத்தில் சுத்தியல் அடித்து இறக்கப் பார்த்தது பலிக்கவில்லை. செவ்வாயில் இன்சைட் கலத்தின் 'துளைப்பான்' ஐந்து மீட்டர் போக வேண்டியது, முழங்கை ஆழத்தோடு 2021-ல் கைவிடப்பட்டது. நம் கருவி அடிக்கவில்லை. மோட்டார் வைத்துத் திருகி மெதுவாக அமுக்கினது, 10 சென்டிமீட்டர். பார்த்தது பனியை இல்லை, வெப்பத்தை. விக்ரம் நின்றது சூரியனைப் பார்த்து ஆறு டிகிரி சாய்ந்த சரிவு. அங்கே மேல்மண் 82 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளிச் சமதளத்தில் 59 டிகிரி. ஒரு சின்னச் சாய்வுக்கே இத்தனை வித்தியாசம் என்றால், துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் கொஞ்ச ஆழத்திலேயே பனி நிலைத்திருக்கலாம் என்று 2025-ல் துர்கா பிரசாத் குழுவினர் கணக்கிட்டார்கள். நிரந்தர நிழல் பள்ளத்துக்குள் இறங்காமலே பனியைத் தேடலாம் என்பது பெரிய விஷயம்.

தோண்டித்தான் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்கத் தனியார் கலம் ஒன்று துளைக்கும் கருவியோடு தென் துருவப் பக்கம் இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டது. துளைப்பான் நீண்டு வேலை செய்தது. ஆனால் மண்ணைத் தொடவில்லை. அடுத்து நாமும் ஜப்பானும் சேர்ந்து போகிற திட்டம் இருக்கிறது. இறங்குகலம் நம்முடையது, ஊர்தி அவர்களுடையது, ஒன்றரை மீட்டர் வரை துளைக்கிற ஏற்பாடு. (குலசேகரப்பட்டினத்திலிருந்து இல்லை. அங்கிருந்து சின்ன ராக்கெட்டுகள்தான் போகும். ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.)

பழைய பதிவின் தலைப்பில் 'உறுதி'யை எடுத்துவிட்டேன். 60 கோடிக்குப் பக்கத்தில் 'பள்ளத்தில் இருப்பது பனியாகவும், தடிமன் இரண்டு மீட்டராகவும் இருந்தால்' என்று சேர்த்திருக்கிறேன். படக்காட்சியில் அந்தப் பக்கமே இப்போது இல்லை.

இதையெல்லாம் சுருக்கி இரண்டு பக்கமாக எழுதி, அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் மூலமாக அந்தப் பொண்ணுக்கு அனுப்பினேன். யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, நீ கேட்டது சரி என்றுதான் முதல் வரி. நாலு நாள் கழித்து டீச்சரின் போனிலிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது.

"சார், துளை போட்டா சூடு வரும்லா? அப்ப ஐஸ் எல்லாம் ஆவியாப் போயிராதா? பெறகு எத சார் நிறுக்க?"

அடுத்த பதிவு அதைப் பற்றி.